கழலும் போல்ட், முறியும் போல்ட், மரை போன போல்ட்: டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரே போல்ட் இரண்டாவது முறையும் கழன்றால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: இந்த முறை இன்னும் அழுத்தி முறுக்குகிறார்கள். மூன்றாவது முறை அது கழலாது. மரையையும் பிடுங்கிக்கொண்டு வரும். போல்ட் கழன்றாலும் முறிந்தாலும் மரையை இழந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. "போதிய பலம் கொடுக்கவில்லை" என்பது அந்தக் காரணமாக இருப்பது அபூர்வம். ஆகவே வண்டி காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் பின்னால் போவோம்.

எண்கள் தேவைப்படும் இடங்களில் யமஹா ஒய்இசட்250, கேடிஎம் 250 எஸ்எக்ஸ் ஆகிய இரண்டு வண்டிகளையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். முறுக்கும் அளவுகள், அதாவது டார்க், நியூட்டன் மீட்டரில், சுருக்கமாக நி.மீ. இவற்றை அப்படியே உங்கள் வண்டிக்குப் பொருத்திவிடாதீர்கள். பின் அச்சு நட்டுக்கு ஒய்இசட் கையேடு 125 நி.மீ. என்கிறது; கேடிஎம் 80 என்கிறது. ஸ்போக் நிப்பிளுக்கு, அதாவது ஸ்போக்கை இறுக்கும் சிறு நட்டுக்கு, ஒன்று 3, மற்றது ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. பந்தயத் திடலில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் நல்லெண்ணத்தோடு சொல்லும் எண் அவருடைய வண்டிக்கானது. உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் கையேட்டைத் தேடி எடுத்து, டார்க் அட்டவணைப் பக்கத்தை அச்செடுத்துக் கருவிப்பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

முறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட போல்ட், இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்கைப் போல, தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இழுப்பு; டார்க் ரெஞ்ச் அதை நேரடியாக அளப்பதில்லை. கைப்பிடியில் நாம் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போய்விடுகிறது. மரைகளுக்கு இடையே இன்னொரு 40 சதவீதம் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது சுமார் 10 சதவீதம்தான்.

இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை கிடைத்துவிடும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைகிறது. குறைந்த அளவு அப்படியே நீட்டும் பக்கம் சேர்கிறது. கையேடு உலர்ந்த மரைக்கு எழுதிய எண்ணை எண்ணெய் தடவிய மரைக்குப் பயன்படுத்தினால், ரெஞ்ச் சரியான எண்ணில் "கிளிக்" என்று சொல்லும்; போல்ட் அதற்கு முன்பே அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். துருவும் மண்ணும் ஏறிய மரையில் நேர் எதிராக நடக்கும். அதே எண், அதே கிளிக்; பிடிப்பு மட்டும் பாதி. எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ், எங்கே மரைப்பசை (போல்ட் கழலாமல் மரையில் இடும் பசை) என்று கையேடு தனியாகக் குறித்திருக்கும். குறிப்பு எதுவும் இல்லாத இடத்தில் மரை சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும். 5 முதல் 25 நி.மீ. வரை அளக்கும் சிறியது ஒன்று, அதற்கு மேல் அச்சு நட்டு வரை எட்டும் பெரியது ஒன்று. 200 நி.மீ. ரெஞ்சில் 10 நி.மீ. வைத்து முறுக்குவது வீண் வேலை. கிளிக் வகை ரெஞ்ச் எதுவும் தன் அளவுகோலின் அடிப்பகுதியில் நம்பத்தக்கதல்ல. கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு கிளிக் கேட்பது ஒரு பழக்கம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக முறுக்கப்படுவதுதான் அதில் கிடைக்கும் பலன். கழற்றுவதற்கு அந்த ரெஞ்சைப் பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

பழைய அட்டவணைகளில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு இருந்தால் 9.8 ஆல் பெருக்க வேண்டும். அடி-பவுண்டு என்றால் 1.36 ஆல். அடி-பவுண்டும் அங்குல-பவுண்டும் 12 மடங்கு வேறுபாடு உள்ளவை. கிளட்ச் மூடியின் சிறிய போல்ட்டுக்கு அங்குல-பவுண்டில் கொடுத்த எண்ணை அடி-பவுண்டாகப் படித்து முறுக்கினால், அன்று மாலை லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைகளில் நான் பார்த்த வரையில், சின்ன போல்ட்டுகள் எப்போதும் அளவுக்கு மேல் முறுக்கப்படுகின்றன. பெரியவை எப்போதும் அளவுக்குக் கீழே. 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நி.மீ. போதும்; கட்டைவிரலும் இரண்டு விரல்களும் ஒரு சிறிய டி ஸ்பேனரில் கொடுக்கும் பலம் அது. அச்சு நட்டுக்கு 125 என்றால், குட்டையான ரிங் ஸ்பேனரில் கையால் அதை எட்டவே முடியாது. "கைக்கணக்கு" என்று பெருமைப்படுபவர்கள் இந்த இரண்டு ஓரங்களிலும் சறுக்குகிறார்கள்.

அறிகுறி: ஒரே போல்ட் திரும்பத் திரும்பக் கழல்கிறது

முதலில் போல்ட்டை முழுவதும் வெளியே எடுத்துத் தலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் துணுக்கோ பவுடர் கோட்டிங் பொடியோ காய்ந்த மண்ணோ ஒட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மென்மையான எதன் மேல் இறுக்கினாலும் அது நாளடைவில் நசுங்கும். போல்ட் நீண்டிருப்பது மயிரிழை அளவுதான். பெயின்ட் அதே அளவு நசுங்கினால் இழுப்பு முழுவதும் போய்விடும். புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்த ஃபிரேமில் எஞ்சின் மவுன்ட் போல்ட்டுகள் முதல் ஓட்டத்திலேயே தளர்வது இதனால்தான். போல்ட் தலையும் மவுன்ட் தகடும் உட்காரும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு முறுக்குங்கள்.

அடுத்தது நீளம். போல்ட் துளையின் அடியில் முட்டிக்கொண்டால் ரெஞ்ச் கிளிக் என்னும். ஆனால் தலை, தகட்டை நெருக்கியே இருக்காது. ஒரு மெல்லிய கம்பியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்து, போல்ட்டில் தகடு போக மிஞ்சும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். அடியில் முட்டாமல் இரண்டு மூன்று மரை இடம் இருக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டிவைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை அதிகம் வரும். எஞ்சின் மூடிகளில் ஒன்றுக்கொன்று 5 மி.மீ. மட்டுமே வேறுபடும் போல்ட்டுகள் இருக்கின்றன. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, துளையிருக்கும் இடங்களில் குத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் செருகிவைப்பது பழைய தந்திரம். இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூடிய துளை என்றால் உள்ளே எண்ணெயோ குளிரூட்டியோ தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். திரவம் நசுங்காது. போல்ட் அதை அழுத்தும்போது ரெஞ்ச் ஏமாறும். சில நேரம் அலுமினிய உடலே வெடிப்பு விடும். காற்றடித்துத் துளையைக் காயவிடுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம், ஊதியது நேராக முகத்துக்குத்தான் வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் போல்ட் கழன்றால், கோளாறு போல்ட்டில் இல்லை. பாகங்கள் பக்கவாட்டில் நழுவுகின்றன. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், போல்ட்டின் உடலில் பளபளப்பான தேய்மானத் தடம் தெரியும். அந்தப் பாகத்தை மாற்றாமல் மரைப்பசையை ஊற்றுவதால் பயனில்லை. மரைப்பசை, இருக்கும் இழுப்பைக் காப்பாற்றும். இல்லாத இழுப்பைக் கொண்டுவராது.

மரைப்பசை போடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. போல்ட்டையும் துளையையும் இரண்டையும் பிரேக் கிளீனரால் கழுவி உலர விடுங்கள். போல்ட்டை மட்டும் துடைத்துவிட்டு எண்ணெய்த் துளைக்குள் பசையோடு இறக்குபவர்கள்தான் "பசை வேலை செய்யவில்லை" என்கிறார்கள். நட்டோடு சேரும் போல்ட் என்றால் நட்டு உட்காரும் இடத்தில் ஒரு துளி. மூடிய துளை என்றால் பசையைத் துளைக்குள் விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று அதை மேலே தள்ளிவிடும். வழக்கமான வேலைக்கு நீலநிற நடுத்தர வகையே போதும். சிவப்பு வகை போட்ட போல்ட்டைப் பின்னாளில் கழற்ற வெப்பத்துப்பாக்கி தேவைப்படும். முழுதாக இறுக ஒரு நாள் கொடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களின் அருகே கவனம் தேவை. சில பிளாஸ்டிக்குகளைப் பசை வெடிக்கச் செய்துவிடும். நைலான் வளையம் வைத்த லாக் நட்டு, விரலாலேயே கடைசி வரை சுழன்று போனால் அதன் காலம் முடிந்துவிட்டது.

அறிகுறி: பின் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகள் ஆடுகின்றன, அல்லது ஒன்று காணவில்லை

மேலே சொன்ன எல்லாம் ஒன்றுசேர்ந்து நடக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெரும்பாலான வண்டிகளில் ஆலன் தலை போல்ட் வெளிப்பக்கமிருந்து ஸ்ப்ராக்கெட் வழியாக ஹப்பில் போகும், உள்பக்கம் நட்டு. பலர் ஆலன் கீயை வெளியே செருகி அதையே முறுக்குகிறார்கள். கூம்பு வடிவத் தலை, ஸ்ப்ராக்கெட்டின் கூம்புக் குழியில் பெரும் பரப்பில் உரசுகிறது. உராய்வு அங்கேயே டார்க்கைத் தின்றுவிடும். ஆலன் குழியும் உருண்டுபோகும். ஆலன் கீயால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் முறுக்க வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றாக, நட்சத்திர வரிசையில், இரண்டு சுற்றில்.

ஸ்ப்ராக்கெட்டை மாட்டும் முன் ஹப்பின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய சங்கிலி எண்ணெயும் மணலும் சேர்ந்த கருப்புக் குழம்பு ஓரத்தில் எங்காவது ஒட்டியிருக்கும். அதன் மேல் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்தால் நான்கு கிலோமீட்டர் ஓடியதும் குழம்பு பிதுங்கி வெளியேறும். ஆறு போல்ட்டுகளும் ஒரே நேரத்தில் தளரும். ஒரு போல்ட் தளர்ந்தால் அதன் சுமை மற்ற ஐந்துக்கும் போகிறது, பிறகு நான்குக்கு. அதனால்தான் இது "ஒன்று தளர்ந்திருந்தது" என்ற நிலையில் நிற்பதில்லை. ஹப்பின் துளைகள் நீண்டுவிட்டால் புது ஸ்ப்ராக்கெட் வாங்கியும் பயனில்லை.

புது ஸ்ப்ராக்கெட் போட்டபின் முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி டார்க் பாருங்கள். அதன்பிறகு நட்டிலிருந்து ஹப் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்பேனர் வேண்டாம், வண்டி கழுவும்போதே தெரிந்துவிடும். மரைப்பசை போட்ட போல்ட்டுகளுக்கும் இந்தக் கோடுதான் சரி. பசை இறுகியபின் ரெஞ்ச் வைத்துச் சோதித்தால் அந்தச் சோதனையே பசையின் பிடியை உடைத்துவிடும்.

அறிகுறி: முறுக்க முறுக்க இறுகாமல் மென்மையாகச் சுற்றுகிறது

இதைக் கை முதலில் உணரும். இறுகிக்கொண்டே வந்த போல்ட் ஓரிடத்தில் இறுகுவதை நிறுத்தி, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நழுவும். அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்று கொடுத்துப் பார்ப்போம் என்ற ஆசைதான் சேதத்தை முழுமையாக்குகிறது. போல்ட்டை எடுத்தால் மரைகளுக்கு இடையே சுருள் சுருளாக அலுமினியம் சிக்கியிருக்கும். எஃகு போல்ட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போனது கிராங்க்கேஸின் மரை.

ஆயில் வடிக்கும் போல்ட்டில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ஒவ்வொரு சில ஓட்டத்துக்கும் கியர் ஆயில் மாற்ற வேண்டிய வண்டி இது. அந்த ஒரு துளை வேறெந்தத் துளையையும்விட அதிக முறை திறக்கப்படுகிறது. கசிவு தெரிந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். செம்பு வாஷரை மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் இறுகிப்போய்விடும், அதை மறுபடி நசுக்கும் முயற்சியில்தான் மரை போகிறது.

மரை தப்பி ஏறுவது இன்னொரு காரணம். போல்ட்டைத் துளையில் வைத்ததும் முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெல்லச் சுழற்றுங்கள். மரையின் தொடக்கம் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஒரு சிறு தட்டல் விரலில் தெரியும். அங்கிருந்து முன்னோக்கி விரலாலேயே மூன்று நான்கு சுற்று. விரலால் போகாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. மின் துளைக்கருவியால் ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மரை போன துளையைச் சரிசெய்யக் கம்பிச்சுருள் மரை, அதாவது ஹெலிகாயில், இருக்கிறது. துளையைப் பெரிதாக்கி, டேப் என்ற மரை வெட்டும் கருவியால் புது மரை போட்டு, எஃகுச் சுருளை இறக்குகிறார்கள். செய்நேர்த்தியோடு செய்தால் பழைய அலுமினிய மரையைவிட அது உறுதியானது. துளை சாய்ந்துவிடாமல் இருக்க வேண்டும், அலுமினியத் துகள் எஞ்சினுக்குள் விழாமல் இருக்க வேண்டும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிவிட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போனால் துகள்கள் கிரீஸில் சிக்கிக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்கள் நல்ல லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அறிகுறி: தலை உருண்டுவிட்டது, அல்லது போல்ட் முறிந்து உள்ளே நின்றுவிட்டது

ஜப்பானிய வண்டிகளின் கார்புரேட்டர் கிண்ணத்திலும் பிரேக் திரவக் கிண்ணத்தின் மூடியிலும் உள்ள கூட்டல்குறித் திருகுகள், நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாதவை. அவற்றில் பல ஜிஸ் என்ற ஜப்பானிய அளவைச் சேர்ந்தவை. தலையில் ஒரு சிறு புள்ளி குழிந்திருந்தால் அந்த வகைதான். பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, ஏறி நழுவும், குழியைத் தின்னும். சரியான முனை வாங்க ஆகும் செலவு ஒரு கார்புரேட்டர் கிண்ணத்தின் விலையில் சிறு பங்குதான்.

முறிந்த போல்ட்டை எடுக்கப் பொறுமை வேண்டும். சுற்றிலும் உள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், அது எஃகைவிட அதிகமாக விரியும். பெட்ரோல் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. மையத்தில் புள்ளி குத்தி, இடது சுழல் துளைமுனையால் துளையிட்டால், பல நேரம் துளைக்கும்போதே போல்ட் தானாகச் சுழன்று வெளியே வரும். முறிந்த போல்ட்டுக்குப் பதிலாக எதைப் போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பது அதன் பலம். பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் அழகாகத்தான் இருக்கும். வழக்கமாகக் கிடைப்பவை 8.8-ஐவிடப் பலம் குறைந்தவை. பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் போடலாம். பிரேக் காலிப்பரில் போடக் கூடாது.

அறிகுறி: குளிரூட்டி குறைகிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறது

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும். தொடக்கத்தில் சில குமிழிகள் வந்து நின்றால் கவலையில்லை. நிற்காமல் வந்தால் எஞ்சினுக்குள் எரியும் வாயு, சிலிண்டர் ஹெட்டைத் தாண்டி நீருக்குள் போகிறது.

நம்மில் பலர் டூ ஸ்ட்ரோக் கற்றது ஆர்எக்ஸ்100-இல். காற்றால் குளிரும் அந்த எஞ்சினில் ஹெட் நட்டுகளை வந்த வரிசையில் முறுக்கிவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. நீரால் குளிரும் மோட்டோகிராஸ் எஞ்சின் அந்தச் சலுகையைத் தராது. ஒரு பக்க நட்டை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஹெட் சாய்ந்து உட்காரும். கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் மூச்சுவிடும்.

ஹெட்டைக் கழற்றி, நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுப் பாருங்கள். யமஹா அனுமதிக்கும் வளைவு 0.03 மி.மீ. மட்டுமே. அதற்கு மேல் என்றால் தட்டையான பலகையில் 400 எண் நீர்த்தாளை ஒட்டி, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமப்படுத்துவது கையேடே சொல்லும் வழி. ஸ்டட்டுகளின் மரையைச் சுத்தம் செய்து, வாஷர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முதலில் எல்லா நட்டுகளையும் விரலால் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக, முதல் சுற்று மூன்றில் ஒரு பங்கு, அடுத்தது மூன்றில் இரண்டு, கடைசியில் முழு அளவு. ஒய்இசட்250-இல் அது 25 நி.மீ. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். தொப்பி போல மூடிய நட்டுகள் இருந்தால், ஸ்டட்டின் முனை தொப்பியின் உச்சியில் முட்டுகிறதா என்பதையும் பாருங்கள். முட்டினால் ரெஞ்ச் பொய் சொல்லும். எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் குமிழி வந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி: ஆக்ஸிலரேட்டரை விட்டபின்னும் எஞ்சின் வேகம் இறங்க மறுக்கிறது

ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். எங்கிருந்தோ கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. பெட்ரோல் குறைந்த கலவை என்றால் எண்ணெயும் குறைந்த கலவை. பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

கார்புரேட்டர் ரப்பர் குழாயின் கிளாம்ப், ரீட் வால்வு கூட்டின் போல்ட்டுகள், சிலிண்டரின் அடி நட்டுகள் என்று இந்த வரிசையில் பாருங்கள். கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் மடிந்து அதுவே ஒரு வழியைத் திறந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால் கிராங்க் சீல் மேல் சந்தேகம் போகிறது. ஊகிக்க வேண்டாம், காற்றழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். நுழைவாயையும் புகைவாயையும் அடைத்து, உள்ளே சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, சோப்பு நீர் தடவினால் குமிழி விடும் இடமே குற்றவாளி. அந்த அழுத்தம் சில நிமிடங்கள் நின்றாக வேண்டும். ஓடும் எஞ்சின் மேல் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பது எளிதாகத் தோன்றும்; தீப்பற்றும் திரவத்தைச் சூடான எஞ்சின் மேல் தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: நேற்று வரை ஓடிய வண்டி கிளம்பவில்லை, கிக்கர் திருப்பி அடிக்கிறது

பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் ஃபிளைவீல் நட்டைப் பாருங்கள். ஃபிளைவீல் தன் இடத்திலிருந்து நகர்ந்து, அரைநிலாச் சாவி வெட்டுப்பட்டு, பொறி தவறான நேரத்தில் விழுகிறது. அந்தச் சாவி, ஃபிளைவீலைப் பிடித்து நிறுத்தும் பாகம் அல்ல. அது இடம் காட்டுகிறது, அவ்வளவுதான். பிடித்து நிறுத்துவது கிராங்கின் கூம்பு முனையும் நட்டின் இழுப்பும். கூம்பின் இரண்டு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் மாட்டுங்கள். ஃபிளைவீலைப் பிடிக்க அதற்குரிய பட்டைக்கருவி இருக்கிறது. பிளக் துளையில் கயிறு திணித்தோ கியர்களுக்கு நடுவே எதையாவது செருகியோ முறுக்குவது மலிவான வழியாகத் தெரியும். அதன் விலை பின்னால் வரும். எந்த நட்டையும் கழற்றும் முன் அது இடது மரையா என்று கையேட்டில் பாருங்கள், கிளட்ச் பக்கத்தில் குறிப்பாக.

அறிகுறி: முன் ஃபோர்க் விறைக்கிறது, சிறு மேடுகளில் கை வலிக்கிறது

ஃபோர்க் ஆயிலையும் ஸ்பிரிங்கையும் மாற்றிப் பணம் செலவழிக்கும் முன் முன்சக்கரத்தை எப்படி மாட்டினீர்கள் என்று யோசியுங்கள். அச்சின் ஒரு முனையில் நட்டு இருக்கிறது, இரண்டு கால்களின் அடியிலும் அச்சைக் கவ்வும் போல்ட்டுகள் இருக்கின்றன. நட்டு இருக்கும் பக்கத்துக் கால், அச்சோடு இறுகி நின்றுவிடும். மற்றக் கால் அச்சின் மேல் சறுக்கித் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ள வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல் எல்லாப் போல்ட்டுகளையும் முறுக்கிவிட்டால் இரண்டு கால்களும் இணையாக நிற்காது. உள்ளே புஷ் ஒரு பக்கமாக உரசும்.

கவ்வும் போல்ட்டுகள் எல்லாம் தளர்ந்திருக்க, அச்சு நட்டை அதன் அளவுக்கு இறுக்குங்கள். நட்டுப் பக்கத்துக் கவ்வும் போல்ட்டுகளை இறுக்குங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை பலமாக அழுத்துங்கள். மறுபக்கத்துக் கால், அச்சின் மேல் ஒரு மி.மீ. நகர்வதைச் சில நேரம் கண்ணாலேயே பார்க்கலாம். அதன்பிறகுதான் அந்தப் பக்கத்துப் போல்ட்டுகள். இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். இரண்டும் அசையாத வரை மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்.

அப்போதும் விறைப்பு இருந்தால், ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் கீழ்க் கிளாம்ப்பைப் பாருங்கள். அதன் போல்ட்டுகளை மிகையாக முறுக்கினால் ஃபோர்க் குழாய் அந்த இடத்தில் நசுங்கி நீள்வட்டமாகிறது. புஷ் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சிக்குகிறது. அண்மைய கேடிஎம் வண்டிகளில் கீழ்க் கிளாம்ப்புக்கு 12 முதல் 15 நி.மீ. போதும். அவ்வளவு பெரிய பாகத்துக்கு இவ்வளவு சிறிய எண்ணா என்று தோன்றும், எண்ணை நம்புங்கள்.

அறிகுறி: ஹேண்டிலில் தட்டல், அல்லது திருப்பும்போது இடையில் சிக்கல்

தட்டினால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. நேராக இருக்கும்போது சிக்கினால் பேரிங் பாதையில் குழி விழுந்துவிட்டது, முறுக்கிச் சரிசெய்ய முடியாது. ஒய்இசட்-இல் வளைய நட்டை முதலில் 38 நி.மீ.க்கு இறுக்கி, ஒரு சுற்றுத் தளர்த்தி, பிறகு வெறும் 7 நி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். முதல் இறுக்கம் பேரிங்கை உட்கார வைக்க, இரண்டாவது ஓட்டுவதற்கு. மேல் நட்டை இறுக்கியபின் மறுபடி திருப்பிப் பாருங்கள், அது உணர்வை மாற்றிவிடும்.

அறிகுறி: பிளக் இறுகவில்லை, அல்லது வெளியே வர மறுக்கிறது

புது பிளக்கை விரலால் அடிவரை ஏற்றி, அங்கிருந்து ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று. அதே பிளக்கைத் திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுப் போதும். முலாம் பூசிய பிளக் மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவ வேண்டியதில்லை. தடவினால் அதே டார்க்கில் அளவுக்கு மேல் இழுபடும்.

அறிகுறி: சைலன்சர் பானையின் தாங்கி வெடித்துக்கொண்டே இருக்கிறது

வெல்டிங் செய்வதற்கு முன் மாட்டிய வரிசையைக் கேளுங்கள். முன்பக்கப் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு பானையைச் சிலிண்டரோடு பிடிக்கும் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினால், பானை எப்போதும் வளைக்கப்பட்ட நிலையிலேயே அதிர்கிறது. ஸ்பிரிங்குகள் முதலில்; தாங்கிப் போல்ட்டுகள் எல்லாம் விரல் இறுக்கத்தில்; பின் சைலன்சரையும் பொருத்தி, எல்லாம் இழுபடாமல் உட்கார்ந்ததும் கடைசியாக இறுக்குவது. ரப்பர் மவுன்ட்டைப் பிதுங்கும்வரை முறுக்கினால் அது ரப்பர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது.

அறிகுறி: சக்கரம் ஆடுகிறது, ஸ்போக் கிலுகிலுக்கிறது

ஸ்பேனரின் முனையால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டே போங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று. டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக் இருக்கும் இடத்தை ஒட்டிய ஸ்போக்குகளைத் தனியாகக் கவனியுங்கள், பெரும்பாலும் அவைதான் முதலில் தளர்கின்றன. தளர்ந்த ஒன்றைக் கண்டதும் அதை மட்டும் பிடித்து மூன்று சுற்று முறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுபடும். நான்காவது நான்காவது ஸ்போக்காக, கால் சுற்றுக்கு மிகாமல், சக்கரத்தை முழுவதும் சுற்றி வாருங்கள். பிறகு அடுத்த ஸ்போக்கிலிருந்து அதே போல. நிப்பிள் திரும்ப மறுத்தால் துளி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் நிப்பிளின் பக்கங்கள் உருண்டுவிடும். புது சக்கரம் என்றால் முதல் சில ஓட்டங்களுக்கு ஒவ்வொரு முறை இறங்கியதும் இதைச் செய்ய வேண்டும். ரிம் லாக் நட்டைக் கடைசியாகப் பாருங்கள், டியூபில் காற்று நிரப்பியபின்.